தோட்டத்து வசாபி

மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று. சிலாங்கூரில் குன்று இருக்கிற ஊருக்கும் அந்தப் பெயர்தான், இல்லாத ஊருக்கும் அந்தப் பெயர்தான். விமான நிலையத்தில் வாடகைக் காரில் ஏறியபோது, போக வேண்டிய ஊர் புக்கிட் ரோத்தான் என்று நான் தெளிவாகத்தான் சொன்னேன். ஓட்டுநர் தலையாட்டினார். நான் தூங்கிப்போனேன். அவர் என்னை எழுப்பியபோது ஒரு தொழிற்பேட்டையின் வாசலில் நின்றிருந்தோம். ஊரின் பெயர் புக்கிட் பெருந்துங்.

ஓட்டுநர் யாருக்கோ போன் செய்து சிரித்துச் சிரித்துப் பேசினார். பிறகு எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில், பெருந்துங் என்றால் அதிர்ஷ்டம் என்றும், அதிர்ஷ்டமுள்ள ஊருக்கு முதலில் வந்தது நல்லதுதான் என்றும் சொன்னார். கூடுதல் தூரத்துக்குக் காசு கேட்கவில்லை. அங்கிருந்து மேற்கே திரும்பி ஒரு மணி நேரம் ஓடினோம். இரண்டு பக்கமும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். எங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் ஒரு மரமாவது ரோட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்திருக்கும். இங்கே ஒன்றுகூட வரிசையை விட்டு விலகி நிற்கவில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கம், கார்த் தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஒரு ஜப்பானிய உணவகத்தில் சமையலுக்கான பொருள் வாங்குவது என் வேலை. எங்களிடம் சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஜப்பானியர்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்து வந்தவர்கள். பச்சை மீன் வைத்த சோற்றோடு தட்டின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பச்சைப் பசை வைப்போம். அதுதான் வசாபி. மிளகாய் போல நாக்கில் எரியாது. மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தொட்டுவிட்டு இறங்கும்.

அசல் வசாபி என்பது குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் வளரும் ஒரு செடியின் தண்டு. அதைத் துருவிய உடனே சாப்பிட வேண்டும். உலகத்தில் பெரும்பாலான கடைகளில் வைப்பது அதுவல்ல. குதிரைமுள்ளங்கி என்று ஒரு கிழங்கு இருக்கிறது. அதன் பொடியும் கடுகும் மாவும் பச்சைச் சாயமும் சேர்ந்த கலவை டியூபில் வரும். எங்கள் கடையிலும் அதேதான்.

ஒருநாள் முதலாளி தன் போனில் ஒரு காணொளியைக் காட்டினார். குவாலா சிலாங்கூரில் ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு தமிழ்ப் பெண் பச்சைப் பசையைக் கரண்டியில் எடுத்து, "எங்க ஊருத் தோட்டத்துல வெளயிற அசல் வசாபி" என்றார். முதலாளிக்குக் கண் விரிந்துவிட்டது. "ஜப்பான்லேர்ந்து வரவழைச்சா கட்டுப்படியாகாது. மலேசியான்னா நாலு மணி நேரம். போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை நான் புக்கிட் ரோத்தானில், ஒரு கைப்பேசிக் கடைக்கு மேலே இருந்த வாடகை அறையில் பெட்டியை வைத்தேன்.

காணொளியில் இருந்த பெண்ணின் பெயர் கவிதா. முன்கூட்டியே போனில் பேசியிருந்ததால் தன் கணவர் குணாவை என்னை அழைத்துவர அனுப்பியிருந்தார். குணா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அகலமான ஆள், கொஞ்சமாகப் பேசுவார். அவருடைய காரில் குவாலா சிலாங்கூருக்குப் போகும் வழியெல்லாம் சொன்னது ஒரே ஒரு விஷயம். "மலையடிவாரத்துல கொரங்கு இருக்குக்கா. கைப்பைய கெட்டியா புடிச்சுக்குங்க."

கவிதாவின் கடை முன்பு செருப்புக் கடையாக இருந்ததாம். மேசைகள் சில, முன்னால் நின்று அவர் மீன் வெட்டும் ஒரு பலகை, அவ்வளவுதான். வெளியே மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதிய கரும்பலகை: தோட்டத்து அசல் வசாபி. கவிதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, பளபளவென்று தீட்டிய கத்தி. வஞ்சிர மீனை இங்கே தெங்கிரி என்கிறார்கள். அதன் மேல்பக்கத்தை மட்டும் நெருப்பில் வாட்டி, புளிப்புச் சோற்று உருண்டையின் மேல் வைத்துக் கொடுத்தார். எங்கள் கடையில் வைப்பதைவிட நன்றாக இருந்தது. இதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை.

பக்கத்து மேசையில் இரண்டு மலாய்ப் பெண்கள், அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சாப்பிட்டார்கள். ஒருவர் பசையைக் கொஞ்சம் கூடுதலாக வாயில் வைத்துவிட்டு மேசையைத் தட்டினார். அவர் சொன்னதைக் கவிதா எனக்குத் தமிழில் சொன்னார்: "மூக்கடைப்புக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டாமாம். இங்க வந்தா போதுமாம்."

நான் என் பங்கைப் பார்த்தேன். வெளிறிய பச்சை, நார் நாராக இருந்தது. டியூபில் வருவது சுண்ணாம்பு போல வழவழவென்று இருக்கும். இது கையால் துருவியது போலத்தான் இருந்தது. காரம் சரியாக மூக்கில் ஏறியது. ஆனால் நான் அசல் வசாபியை ஒரே ஒரு முறை ருசித்திருக்கிறேன். ஒரு ஜப்பானிய நிறுவனத்தார் எங்கள் கடையில் விருந்து வைத்தபோது, ஈரத்துணியில் சுற்றி ஒரு தண்டைக் கொண்டுவந்திருந்தார்கள். துருவிய உடனே காரமும் லேசான தித்திப்பும் இருந்தன. பாத்திரமெல்லாம் எடுத்துவைத்துவிட்டு கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். புல்லைத் தின்றது போல இருந்தது. அசலின் காரம் நிற்காது.

அதனால் தட்டில் ஒரு சிட்டிகையை ஒதுக்கி வைத்துவிட்டு, பால் இல்லாத தேநீர் ஒன்று வாங்கிக் குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். அரை மணி நேரம் ஆனது. ஒதுக்கியதை வாயில் வைத்தேன். காரம் அப்படியே இருந்தது, அடியில் ஒரு கசப்பும். அதோடு வசாபியில் இருக்கக் கூடாத ஒரு மணம், பலகாரக் கடை மணம்.

"எப்டி இருக்குக்கா?" என்று கேட்டார் கவிதா.

"நல்லா இருக்கு" என்றேன்.

"பதினோரு வருசம் கோலாலம்பூர்ல ஜப்பான் கடயில வேல செஞ்சேன். அங்கயும் டியூப்புதான். அசல கண்ணால பாத்ததில்ல. ராஜண்ணே மொத மொத இத கொண்டாந்து குடுத்தப்ப அழுதுட்டேன்."

"காரத்துலயா?"

"சந்தோசத்துலக்கா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "காரமும்தான்" என்றார். பிறகு டப்பாவில் விரலைவிட்டு ஒரு பொட்டு எடுத்து நக்கிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தார். என் சந்தேகத்தை அப்போது சொல்லவில்லை. விளையும் இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதே முறை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குணாவுக்கு லோரி இல்லை. கெர்லிங் என்ற ஊரில் இருந்து வசாபி தரும் அந்த ராஜண்ணனிடம் என்னைக் கூட்டிப்போக வந்தார். முதலில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். எங்கள் ஊர்ப் பரோட்டாவின் தம்பி, கொஞ்சம் மெலிந்தவன். கடைக்காரரின் குடும்பம் கீழக்கரையிலிருந்து வந்ததாம். நான் சென்னை என்றதும், "அங்க இன்னும் வெயில்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி பருப்புக் குழம்பு ஊற்றினார்.

குணாவின் கார் பாதி வழியில் புகை விட்டது. சுற்றிலும் செம்பனை. ஓர் இளநீர்க் கடை மட்டும் இருந்தது. குணா இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "காடி சூடாயிருச்சு. ஆறட்டும்" என்றார். இங்கே காரைக் காடி என்கிறார்கள். இளநீர்க் கடைக்காரர் ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

காத்திருந்த நேரத்தில்தான் குணா பேசினார்.

"கல்யாணமாயி ஒம்பது வருசம்க்கா. இப்பதான் தங்கியிருக்கு. நாலு மாசம்."

வாழ்த்துச் சொன்னேன்.

"வெளிய இன்னும் யார்கிட்டயும் சொல்லல. ஒரே வாந்தி. சோத்தப் பாத்தாலே ஓடுறா. அந்த வசாபிய நக்குனாத்தான் கொமட்டல் நிக்குதாம். டப்பாவ வீட்டுக்கும் கொண்டாந்துட்டா. காலையில எந்திரிச்சதும் அதுதான்."

எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. மாங்காய் தின்கிறவர்கள் உண்டு, சாம்பல் தின்கிறவர்கள் உண்டு.

ராஜண்ணனின் வீடு, மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இருந்தவர்களுக்குப் பின்னாளில் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையில் கடைசி. ஐம்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. தேநீரும் பிஸ்கட்டும் வைத்தார். சென்னையிலிருந்து வசாபி வாங்க வந்திருக்கிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டார்.

"செடியைப் பாக்கணுமே" என்றேன்.

"ஆத்துப் பக்கம்மா. மழ பேஞ்சு வழுக்குது. அட்ட வேற. இன்னொரு நாளு பாக்கலாம் லா."

"நாளைக்கு எனக்கு ஃப்ளைட். அட்டை கடிச்சா பரவாயில்ல."

அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். கார் எஞ்சினுக்கு ஊற்றத் தண்ணீர் கேட்டுக் குணா வெளிக்குழாய்க்குப் போயிருந்தார். நான் கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

பின்பக்கம் வரிசையாக முருங்கை. காய்க்கு வளர்த்த மரங்களில்லை. இடுப்பளவுக்கு வெட்டி விட்டிருந்தார்கள். சிலவற்றைத் தோண்டி எடுத்த குழியில் மழைத் தண்ணீர் நின்றது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தோல் சீவிய வெள்ளை வேர்கள் ஊறின. பக்கத்தில் சீவிய பட்டை குவியலாகக் கிடந்தது. திண்டில் ஒரு கிரைண்டரும், ஒரு கட்டுப் பண்டான் இலையும். இங்கே பலகாரத்துக்கு மணமும் பச்சை நிறமும் கொடுக்கிற இலை அது. நேற்று வந்த பலகாரக் கடை மணம் அதுதான். பட்டையில் ஒரு துண்டை ஒடித்து முகர்ந்தேன். மூக்கில் ஏறியது.

ராஜண்ணன் என் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"இது முருங்கை வேர்தானே?"

"ஆமாம்மா." மறுக்கவில்லை. "எங்கப்பா தோட்டத்து பங்களாவுல சமையக்காரரு. வெள்ளக்கார தொரை காலத்துல குதிரமுள்ளங்கி கெடைக்கலன்னா இதத்தான் சீவி வைப்பாங்களாம். நான் ஓட்டல் கிச்சன்ல வேல பாத்தப்ப வசாபிய நாக்குல வச்சேன். அதே காரம். சரி, நம்ம வீட்டுப் பின்னாடியே இருக்கேன்னு செஞ்சு பாத்தேன். மூணு கடைக்கு போவுது."

"அசல் வசாபின்னு சொல்லித்தானே?"

"நான் சொல்லலம்மா. தோட்டத்துச் சரக்குன்னேன். வசாபியான்னு கேட்டாங்க, தலையாட்டுனேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மெச்சக்கூடத் தோன்றியது. எங்கள் கடை டியூபில் இருப்பதும் இன்னொரு வேர்தான். அப்போதுதான் இளநீர்க் கடையில் குணா சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் முருங்கைக் கீரையும் பூவும் காயும் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பார்கள். வேரை மட்டும் கிட்டே கொண்டுபோக மாட்டார்கள். கருவுக்கு ஆகாது என்பார்கள். எவ்வளவு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆகாது என்பது மட்டும் தெரியும்.

குணா தண்ணீர்க் கேனோடு வந்தார். அவரிடம் சொன்னேன். நான் சொல்லி முடித்தபோது கேனைக் கீழே வைத்துவிட்டு ராஜண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, கவிதா முழுகாம இருக்கா."

ராஜண்ணன் முகம் மாறியது. "எத்தன மாசம்?"

"நாலு."

"அது இத சாப்புடுதா?"

"தெனமும். ரெண்டு மாசமா."

ராஜண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். "பட்டய சீவிட்டுத்தான் அரைப்பேன்" என்றார். "பட்டதான் கெடுதி. சீவிட்டுத்தான் அரைப்பேன்." அது போதுமா என்று குணா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

குணா போன் போட்டார். கவிதா எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம், கையில் மீன் இருக்கும். நான்காவது தடவைதான் எடுத்தார். "அந்த வசாபிய தொடாத. யாருக்கும் வைக்காத. வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நாங்கள் கிளம்பும்போது ராஜண்ணன் ஒரு முழு வேரைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்தார்.

"நீங்க எதுக்கு?" என்றார் குணா.

"டாக்டர் என்னன்னு கேப்பாங்கள்ல. காட்டணும்."

குணா அவரைப் பார்த்தார். ஏறாதே என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் இந்த நாட்டில் அவசரமாக எங்கும் போக முடியாது. வழியில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னால் சாலையின் இரண்டு ஓரமும் காரும் மோட்டார் சைக்கிளும் நின்றன. நடுவில் ஒரு வண்டி போகிற இடம்தான். தொழுகை முடிந்து சட்டைக் கையை இறக்கிவிட்டபடி ஆட்கள் வந்து ஒவ்வொரு வண்டியாக எடுக்கும் வரை நின்றோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சென்னையாக இருந்தால் நானே இறங்கிச் சத்தம் போட்டிருப்பேன். குணா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் செய்தித்தாள் சரசரத்துக்கொண்டே இருந்தது.

வழியிலேயே குணா மறுபடி போன் செய்து கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார். கவிதா அதன் வாசலில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். விஷயத்தைக் குணா சொன்னார். கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பெயர் கொடுத்தார்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். செய்தித்தாளைப் பிரித்து வேரைப் பார்த்தார், நகத்தால் கீறி முகர்ந்தார். "மெருங்கை" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஸ்கேன் எடுக்கக் கவிதாவையும் குணாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நானும் ராஜண்ணனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே சுவரில், கொசு முட்டையிடும் இடங்களைப் பற்றிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதை நாங்கள் இருவரும் மிகக் கவனமாகப் படித்தோம்.

திரும்பி வந்த குணா டாக்டர் சொன்னதைச் சொன்னார். இதுவரை உள்ளே போனது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்குப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது. இதோடு நிறுத்திவிட வேண்டும், வாரா வாரம் வர வேண்டும், வலியோ ரத்தமோ கண்டால் நேரே ஆஸ்பத்திரி. நான் சென்னை திரும்பிய பிறகும் அந்த வாரா வாரச் செய்தி எனக்கு வந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை, முழு மாதத்தில், நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எங்களில் யாருக்கும் அது தெரியாது.

கவிதா ராஜண்ணனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏண்ணே சொல்லல?"

"நீ வாயத் தெறந்து கேட்டிருந்தா சொல்லிருப்பேம்மா."

"கேட்டேனே. வசாபியான்னுதானே கேட்டேன்."

ராஜண்ணன் மற்ற இரண்டு கடைகளுக்கும் அன்றே போய்த் தன் வாயால் சொல்லிவிடுவதாகச் சொல்லி எழுந்தார். பேருந்து நிறுத்தம் வரை போனவரைக் குணா காரில் போய்ப் பிடித்து, தானே கூட்டிப்போனார். நல்லெண்ணத்தில் போனாரா, ராஜண்ணன் உண்மையிலேயே சொல்கிறாரா என்று பார்க்கப் போனாரா, எனக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் கடைக்கு நடந்தோம். கவிதா பாதி வழியில் நின்றார்.

"நேத்து தட்டுல கொஞ்சூண்டு ஒதுக்கி வச்சு, அப்பறம் தின்னு பாத்தீங்கள்லக்கா. அப்பவே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"நேத்தே சொல்லிருந்தா இன்னிக்கு காலையில தின்னிருக்க மாட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"உங்க கடயில எது வைக்கிறீங்க?"

"டியூப்."

"மெனு கார்டுல?"

"வசாபின்னு போட்டிருக்கு."

கடை வந்ததும் அவர் முதலில் கரும்பலகையைத் தூக்கி உள்ளே வைத்தார்.

சனிக்கிழமை எனக்கு மாலை விமானம். மதியம் வரை அவர் கடையிலேயே இருந்தேன். கரும்பலகையைத் துடைத்திருந்தார். புதிதாக எழுதியது: டியூப் வசாபி. குதிரைமுள்ளங்கி, கடுகு, பச்சைச் சாயம். வழக்கமாக வருகிறவர்கள் வாசலில் நின்று படித்துவிட்டு உள்ளே வந்து கேட்டார்கள். கவிதா ஒவ்வொரு மேசையாகப் போய், இதுவரை வைத்தது முருங்கை வேர் என்றும் தனக்கே நேற்றுத்தான் தெரியும் என்றும் சொன்னார். வியாழனன்று வந்த அலுவலகப் பெண்களில் ஒருவரிடம், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாருக்காவது கட்டிக்கொண்டு போனீர்களா என்றும் விசாரித்தார். இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அடுத்த மேசைக்குப் போனார்.

ஒரு குடும்பம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது. மீன் கொண்டுவரும் சீனர் ஐஸ் பெட்டியை இறக்கிவிட்டு, என் மீனைப் பற்றி ஒன்றும் எழுதிவிடாதே என்று சொன்னதாகக் கவிதா மொழிபெயர்த்தார். அதைச் சொல்லும்போதுதான் அந்த இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார்.

ஒரு மணிக்கு ஒரு ஜப்பானியர் வந்தார். புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலையாம். சனிக்கிழமை தவறாமல் வருவாராம். கவிதா அவரிடம் மலாயில் சொன்னார். அவர் தட்டுத் தடுமாறி மலாயில் பதில் சொன்னார். கவிதா என் பக்கம் திரும்பினார்.

"மொத நாளே தெரியும்ங்கறாரு."

ஏன் சொல்லவில்லை என்று கவிதா கேட்டாராம். மீன் நன்றாக இருந்தது, மற்றதைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்றாராம்.

கவிதா சமையலறைக்குள் போனார். நானும் போனேன். வெள்ளரிக்காயை எடுத்து மெல்லிசாக நறுக்கத் தொடங்கினார், அதைக் கேட்டவர் யாரும் இல்லை.

"அவருக்கு தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு தெரிஞ்சிருக்கு. எல்லாரும் மரியாத பாத்துக்கிட்டு சும்மா இருந்திருக்கீங்க. தின்னது நானு."

அவர் நறுக்கிய வெள்ளரிக்காயை நான் ஒரு தட்டில் அடுக்கி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். ஜப்பானியருக்கு வெட்ட வேண்டிய மீனை எப்போதும் போலக் கவனமாக வெட்டிக் கொடுத்தார். அவர் சாப்பிட்டு முடித்து, வாசலில் நின்று குனிந்து வணங்கிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரலாமா என்று கேட்டார்.

"வரச் சொல்லிட்டேன்" என்றார் கவிதா. "இனிமே ஏதாச்சும் தெரிஞ்சா வாயத் தெறக்கணும்னும் சொல்லிட்டேன்."

என்னை விமான நிலையத்துக்குக் குணா கொண்டுவிட்டார். கார் எங்கும் நிற்கவில்லை. கிளம்பும்போது கவிதா வாட்டிய மீன் வைத்து ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். டியூபும் ஒன்று உள்ளே இருந்தது.

விமானம் ஏறக் காத்திருந்தபோது முதலாளி கூப்பிட்டார்.

"என்ன, அசல்தானா?"

"இல்ல சார். முருங்கை வேர்."

"முருங்கையா? நம்ம ஊர்ல இல்லாத முருங்கையா? நாமளே அரைச்சுடலாமே" என்றார்.

கர்ப்பிணி சாப்பிட்டதையும் கிளினிக்கையும் சொன்னேன். "அய்யய்யோ, வேண்டாம்" என்று உடனே விட்டுவிட்டார். முதலாளி கெட்டவரில்லை. "சரி, பழைய டியூபே இருக்கட்டும்."

"டியூப் இருக்கட்டும் சார். கார்டுல வசாபின்னு போட்டிருக்கோமே."

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. இத்தன வருஷத்துல யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் என்ன?"

புதிய கார்டு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்றும், அதை அனுப்புவது என் வேலை என்றும், இந்த முறை டியூபின் பின்னால் என்ன எழுதியிருக்கிறதோ அதையே அந்த வரியில் போடப்போகிறேன் என்றும் சொன்னேன். குதிரைமுள்ளங்கி, கடுகு, சாயம். பதினாறு வருடத்தில் அவரிடம் நான் கேட்காமல் எதையும் முடிவு செய்ததில்லை.

மறுமுனையில் முதலாளி பழைய கார்டை எடுத்துப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எழுத்து பெருசா, சின்னதா?" என்று கேட்டார்.

"மத்த வரி எந்த அளவோ, அதே அளவு" என்றேன்.